லிங்க் ஃபைல்ல லெவல் மாறி ஏற்காட்டுல முழிச்ச கதை. உங்களுக்கும் நடந்திருக்கா?

கோரிமேடு பென்சில்:
சேலத்துல ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல ரெவிட் பாக்குறேங்க, கட்டடத்தை கம்ப்யூட்டர்ல மாடலா வரையற சாஃப்ட்வேர். போன வருசம் ஏற்காட்டுல ஒரு தங்கும் விடுதி வேலை. சரிவுல நிக்கிற கட்டடம்னா தெரியுமே, ரோட்டுல இருந்து நேரா நுழைஞ்சா அது மேல்தளம். ரூமெல்லாம் கீழ ரெண்டு தளத்துல, காப்பித் தோட்டத்தைப் பாத்து இறங்கும். லெவல்னா ஒவ்வொரு தளத்தோட உயரத்தைக் காட்டுற கோடு. நாங்க ரோட்டு வாசலை சைபர்னு வெச்சோம். கீழ்த்தளங்க மைனஸ் 3300, மைனஸ் 6600 மில்லிமீட்டர். ஸ்ட்ரக்சர் பண்ணவங்க அடியில இருக்கிற தளத்தை சைபர்னு வெச்சுட்டாங்க. அஸ்திவாரத்துல இருந்துதானே அவங்க கணக்கு ஏறும், அதுவும் நியாயம்தான்.

அவங்க ஃபைலை எங்க ஃபைலுக்குள்ள சைபர் மேல சைபர் பொருந்துற மாதிரி, ஒரிஜின் டு ஒரிஜின்னு லிங்க் பண்ணதும் தூண், பீம் எல்லாம் 6.6 மீட்டர் மேல ஏறி அந்தரத்துல தொங்குச்சு. பெரிய தப்பு நல்ல தப்புங்க, உடனே கண்ணுல பட்டுரும். எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தர் லிங்க்கைக் கையால கீழ இழுத்து, நகராம பின் பண்ணிட்டாரு. எங்க செக்‌ஷன்ல எல்லாம் ஒழுங்கா உக்காந்துருச்சு. அவங்க ஃபைல்ல எங்க மாடல் பழைய இடத்துலயேதான் கிடந்துச்சு. கடைசில அவங்களே அவங்க மாடலோட சைபரைச் சரி பண்ணி, எங்க லெவலை காப்பி மானிட்டர் போட்டு எடுத்துக்கிட்டாங்க. லெவலை நகலெடுத்து, மூலத்துல மாறினா எச்சரிக்கிற வசதி அது. இனிமே கவலையில்லைன்னு இருந்தோம்.

கவுத்துவிட்டது 50 மில்லிமீட்டர். விடுதி முன்னாடி ரோடு திரும்பப் போட்டதுல உயரம் ஏறிப்போச்சு. மழைத் தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு லாபியை 50 தூக்கி, மாடிப்படியையும் திருத்தி அனுப்பினோம். 22 படி, ஒவ்வொண்ணும் 152 சொச்சம். சிலாப்பு டிராயிங் ஸ்ட்ரக்சர்காரங்ககிட்ட இருந்து பழைய மட்டத்துலயே சைட்டுக்குப் போயிருச்சு. ஜல்லி, சிமென்ட் எல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து நிக்குது, மறுநாள் கான்கிரீட். மேஸ்திரி சும்மா இருக்காம டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் புடிச்சுப் பாத்திருக்காரு. "தம்பி, கடைசிப் படி நூறுதான் நிக்குது, மத்ததெல்லாம் நூத்தம்பதுக்கு மேல இருக்கு. உங்க ரெண்டு பேப்பரும் ரெண்டு பேசுது"ன்னு போன். ராத்திரியோட ராத்திரியா முட்டுக்கு ஆப்பு வெச்சு சென்ட்ரிங்கைத் தூக்கினாங்க. மூணு கம்ப்யூட்டர்ல யாரும் பாக்காததை ஒரு டியூப்புல பாத்தாரு மனுசன்.

கம்பியும் சிமென்ட்டும்:
நான் ஸ்ட்ரக்சர் பக்கம் அண்ணா. லிங்க்கை ரீலோட் பண்ணதும் கோஆர்டினேஷன் ரிவ்யூன்னு ஒரு எச்சரிக்கை வந்திருக்கும். யாரோ 'போஸ்ட்போன்', அதாவது அப்புறம் பாக்கலாம்னு அமுக்கியிருப்பாங்க. அவசரத்துல நானும் அமுக்கியிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா எல்லாப் பழியையும் எங்க தலையில கட்டாதீங்க. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு அபார்ட்மென்ட் பண்ணினோம். ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல ரெண்டாவது தள லெவலை அழிச்சுட்டு, அதே பேருல புதுசா வரைஞ்சுட்டாங்க. பேரு ஒண்ணா இருந்தா போதும்னு நெனச்சாங்களாம். ரெவிட் பேரைப் பாக்காது, உள்ள இருக்கிற ஐடியைத்தான் பாக்கும். மானிட்டர் அதோட அறுந்துபோச்சு. புதுக் கோட்டை அவங்க எவ்வளவு நகர்த்தினாலும் எங்களுக்கு ஒண்ணுமே தெரியல. லெவலை நகர்த்துங்க, பேரை மாத்துங்க, அழிச்சு மட்டும் வரையாதீங்க.

இன்னொண்ணு, லெவல் பேருலயே எஃப்எஃப்எல்லா (முடிச்ச தரை மட்டம்) எஸ்எஸ்எல்லா (சிலாப்பு மட்டம்) எதுன்னு எழுதிருங்க. வெறும் 'முதல் தளம்'னு இருந்தா நீங்க டைல்ஸ் மேல்மட்டத்தைச் சொல்றீங்க, நாங்க கான்கிரீட் மேல்மட்டம்னு எடுத்துக்குவோம். நடுவுல 50, 75 எங்க போச்சுன்னு அப்புறம் தேடணும்.

குழாய்க்காரன்:
என் கதை சின்னது, வெக்கக்கேடானது. பிளம்பிங் ஃபைலை ரெடிமேட் டெம்ப்ளேட்டோட திறந்து, அதுல இருந்த 'லெவல் 1'லயே ரெண்டு நாள் பைப் ஓட்டிட்டேன். அப்புறம் ஆர்க்கிடெக்ட் லெவலைக் காப்பி எடுத்ததும் பழசு எதுக்குன்னு டெலிட் அமுக்கினேன். எச்சரிக்கை வந்துச்சு, படிக்காம ஓகே. அதுல உக்காந்திருந்த பாத்ரூம் சாமான், பிளான் வியூ எல்லாம் மொத்தமாப் போச்சு. அன்டூ காப்பாத்துச்சு. சேவ் பண்ணி மூடியிருந்தா ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன்.

ஆட்டோலெவல்:
சர்வே பண்றவன் சார்பா ஒண்ணு. மலையில ஒரு வேலைக்கு நான் எஸ்டேட் கேட் கல்லை 100.000னு வெச்சு மட்டம் கொடுத்தேன். வழக்கமாப் பண்றதுதான். வேற எடத்துல வாங்குன கான்டூர் ஃபைல் (மலையோட உயரக் கோடு) கடல் மட்டத்துல இருந்து எண்ணினது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர், நம்ம சேலம் 280 கிட்ட. ரெண்டையும் ஒண்ணா லிங்க் பண்ணியிருக்காங்க. வீடு கீழ ஒரு புள்ளி, மலை மேல ஒரு புள்ளி, நடுவுல 1400 மீட்டர் வெத்து இடம்! யாரோ பயந்துபோய் வீட்டையே தூக்கி 1500ல வெக்கப் பாத்தாங்க.

அது வேண்டாம்ங்க. கட்டடம் அதோட சைபர்லயே இருக்கட்டும். உண்மையான உயரத்தை, எல்லா ஃபைலுக்கும் பொதுவான ஷேர்டு கோஆர்டினேட்ஸ் வழியாக் கொடுங்க. லெவல் டைப்புல 'எலிவேஷன் பேஸ்'னு ஒரு வரி இருக்கும். அதை சர்வே பாயின்ட்னு மாத்தினா கடல் மட்ட உயரம் காட்டும், புராஜெக்ட் பேஸ் பாயின்ட்னா மேஸ்திரிக்குப் புரியற சைபர். ரெண்டு டைப் வெச்சுக்கிட்டா சண்டையே இல்ல.

கோரிமேடு பென்சில்:
சரிதாங்க. இப்ப நாங்க ஆரம்பத்துலயே போன் போட்டு சைபர் எதுன்னு பேசிக்கிறோம். லெவல் ஆர்க்கிடெக்ட் ஃபைல்ல மட்டும்தான் மாறும், மாத்துனா அன்னைக்கே மெசேஜ். போஸ்ட்போன் அமுக்கினா டீ வாங்கித் தரணும். இதுவரைக்கும் நான்தான் அதிகமா வாங்கியிருக்கேன்.

சூரமங்கலம் ஃப்ரெஷர்:
அண்ணா, செக்‌ஷன்ல லெவல் கோடெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. லிங்க்ல இருக்கிறதை எப்படி மறைக்கிறது?

கம்பியும் சிமென்ட்டும்:
விசிபிலிட்டி கிராஃபிக்ஸ்ல ரெவிட் லிங்க்ஸ் டேப். கஸ்டம்னு மாத்தி, அனோட்டேஷன்லயும் கஸ்டம் குடுத்து லெவல்ஸ் டிக்கை எடுங்க. வியூ டெம்ப்ளேட்லயே பண்ணிட்டா ஒவ்வொரு வியூவா உக்கார வேண்டாம்.

சூரமங்கலம் ஃப்ரெஷர்:
போயிருச்சுண்ணா, நன்றி. ஒரே ஒரு கோடு மட்டும் போக மாட்டேங்குது. 'லெவல் 2'ன்னு இருக்கு. அழிச்சுரட்டுமா?

குழாய்க்காரன்:
தம்பி, கையை எடுங்க!