கல் வைக்காத கூடையையும் சேர்த்து அழிப்பது நியாயமா?

மண்டிவீட்டுப் பையன்:
போன வாரம் எங்கள் மாம்பழ மண்டியில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். நான்கு கூடைகளில், காயை அவசரமாகப் பழுக்க வைக்கும் கார்பைடு கல் பொட்டலம் இருந்தது உண்மை. அதற்கு நாங்கள்தான் பொறுப்பு. ஆனால் பக்கத்தில் வைக்கோல் போட்டுப் பழுக்க வைத்திருந்த செந்தூரா மாம்பழத்தையும் சேர்த்து வண்டியில் கொட்டி, பினாயில் ஊற்றிவிட்டார்கள். ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. கெட்ட பொருளை அழிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் அழிக்கலாம் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவே சொல்கிறது. காரணமில்லாமல் பறிமுதல் செய்தால் அதிகாரிக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 39-ஆம் பிரிவு.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
தம்பி, சீட்டுத் தராதது தப்புதான். ஆனால் நான் வாங்கிவரும் பங்கனப்பள்ளி மேலே பொன் மஞ்சளாக இருக்கிறது, நறுக்கினால் கொட்டையைச் சுற்றி வெளுத்துப் புளிக்கிறது. கடையில் நின்று பார்த்தால் எனக்கு என்ன தெரியும்? அந்தக் கல்லில் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். பழத்தின் மாதிரியைச் சோதிக்கும் பகுப்பாய்வாளர் அறிக்கை தரச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 14 நாள். அதுவரை பழம் காத்திருக்குமா?

மண்டிவீட்டுப் பையன்:
அக்கா, கல் இருந்த கூடைக்கு நான் பரிசோதனையே கேட்கவில்லை. கல்லைக் கண்ணால் பார்த்தாயிற்று, அழிக்கட்டும். கல் இல்லாத கூடையைப் பிரித்து வைக்க அரைமணி நேரம் போதாதா?

பழைய நகராட்சி ஊழியன்:
பினாயில் ஊற்றுவதைக் குறை சொல்லாதீர்கள். சும்மா கொட்டிவிட்டு வந்தால், பின்னாலேயே பொறுக்கிக் கழுவி, சாலையோரத்தில் கூறு கட்டி விற்றுவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். என் கவலை வேறு. கல்லையும் பழத்தோடு சேர்த்து வண்டியில் போடுகிறார்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் கிளம்பும். வெல்டிங் பட்டறையில் எரிக்கும் அதே வாயு! குப்பைக் கிடங்கில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும்? கல்லை ஈரமில்லாத டப்பாவில் தனியாக எடுக்க வேண்டும். பழத்தைக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி விவசாயி:
காய் முற்றும் முன்னே பறிக்கச் சொல்வது யார்? சீசன் தொடக்கத்தில் நல்ல விலை என்று வியாபாரிதான் அவசரப்படுத்துகிறார். எத்திலீன் வாயுவில் பழுக்க வைக்க 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை அனுமதி இருக்கிறது. அதற்கான அறை கட்டச் சின்ன மண்டிக்குக் கட்டுப்படியாகாது, சரி. நாலு மண்டி சேர்ந்து ஓர் அறை கட்டலாமே? அப்புறம், எத்திலீன் வாயுவை வெளிவிடும் பொடிப் பொட்டலத்துக்கும் கார்பைடு கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை மண்டியில் வேலை செய்யும் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பொட்டலமும் பழத்தில் நேராகப் படக்கூடாது.

மண்டிவீட்டுப் பையன்:
அறையைப் பற்றி அப்பாவிடம் பேசுகிறேன், ஐயா. செந்தூராவுக்காக உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
தாராளமாக எழுதுங்கள். அந்த நான்கு கூடையும் எங்கே போக இருந்தது என்பதையும் அதில் எழுதுங்கள், தம்பி.

மண்டிவீட்டுப் பையன்:
இரண்டு கூடை, பள்ளிக்கூட வாசலில் இருக்கும் கடைக்கு. எழுதுகிறேன், அக்கா.