தனி ஆளா வீட்டு வாசல்ல 800 கியர்பாக்ஸ் மாத்த முடியுமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

வியாசர்பாடி800:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டின 2007 மாருதி 800, நாலு கியர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க தெருவுல சீட்டு வரைக்கும் தண்ணி, வண்டி ரெண்டு நாள் அதுலயே நின்னுச்சு. எஞ்சின் ஆயில் மாத்தினோம், கார்பெட்ட பிச்சு காயவெச்சோம், ஆனா கியர் ஆயிலை யாருமே நினைக்கல. இப்போ கொஞ்ச நாளா உய்ய்னு ஒரு சத்தம், நியூட்ரல்ல நின்னாலும் கேக்குது, கிளட்ச் மிதிச்சா அடங்கிடுது. போன வாரம் ட்ரெயின் பிளக் கழட்டினா ஆயில் பால் டீ கலர்ல வருது, விரல்ல தேச்சுப் பாத்தா இரும்புத்தூள் மின்னுது.

ஷெட்ல சொன்ன கூலி இப்போ என்னால முடியாது, அப்பா இல்லாத வீட்ல இந்த வண்டிய விக்கவும் மனசு வரல. புதுப்பேட்டைல, பழைய வண்டி பார்ட்ஸ் விக்கற கடைல, ஒரு பழைய கியர்பாக்ஸ் பாத்து வெச்சிருக்கேன். கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ எல்லாம் நானே மாத்தியிருக்கேன், ஆனா கியர்பாக்ஸ் இறக்கினது இல்ல. கைக்கு ஆள் கிடையாது. எப்படி பண்றது?

கொருக்குப்பேட்டை ஷெட்:
தம்பி நீ சொன்னதை வெச்சே சொல்றேன், இன்புட் ஷாஃப்ட், அதான் எஞ்சின் சுத்தை கியர்பாக்ஸுக்குள்ள கொண்டு போற தண்டு, அதோட பேரிங் போயிருக்கு. கிளட்ச் மிதிச்சா சத்தம் நிக்குதுன்னா அதான், மிதிச்சா சத்தம் வருதுன்னா ரிலீஸ் பேரிங், பெடல் மிதிக்கறப்போ கிளட்ச்சை அழுத்தற பேரிங். பிரீதர் ஓட்டை, அதான் கியர்பாக்ஸ் காத்து விடற ஓட்டை, அது வழியா தண்ணி உள்ள போயிருக்கும், பேரிங்ல துரு புடிச்சு அரிச்சிருக்கும். அந்த மழைக்கு அப்புறம் இதே கேஸ் நிறைய பாத்துட்டேன், எல்லாரும் எஞ்சினை தான் பாத்தாங்க.

புதுப்பேட்டை பாக்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி அதுவும் தண்ணில நின்ன வண்டியோடதான்னு பாரு. பிளக் கழட்டி உள்ள விரல் விட்டு ஆயில் கலர் பாரு. இன்புட் ஷாஃப்டை கையில சுத்து, மேலயும் கீழயும் ஆட்டு, கொறகொறன்னு இருந்தா வெச்சிட்டு வந்துடு. எல்லா கியரும் போட்டு சுத்திப் பாரு. 800ல அஞ்சு கியர் பாக்ஸும் இருக்கு, மாத்தி குடுத்துடப் போறாங்க.

ஒத்தையா பண்றதுல எனக்கு இஷ்டம் இல்ல, இருந்தாலும் பண்றவன் பண்ணுவான். ஹாலோ பிளாக் மேல மட்டும் வண்டிய நிறுத்தாத. சொல்லாம கொள்ளாம உடையும்.

திருவொற்றியூர் பீச்ரோடு:
நான் தனியாவே பண்ணியிருக்கேன், ஆல்டோல, மூணு நாள் ஆச்சு. உங்களது கிட்டத்தட்ட அதே வேலை தான்.

மொதல்ல ஆக்ஸில் நட்டு, சக்கரத்து நடுவுல டிரைவ் ஷாஃப்ட் நுனியில இருக்கற பெரிய நட்டு. சக்கரம் தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிடுங்க. இன்னொரு ஆள் இருந்தா பிரேக் மிதிச்சுக்குவாங்க, தனியா இருக்கறப்போ பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு கட்டைய முட்டு குடுத்துட்டா போதும். எங்க பக்கம் உப்புக்காத்துல நட்டு எல்லாம் ஒட்டிக்கும், அதனால முந்தின நாள் ராத்திரியே துரு ஸ்ப்ரே அடிச்சு ஊறவெச்சேன். காலையில ஸ்பேனர் கைப்பிடில ஒரு நீள பைப் சொருகி மெதுவா அழுத்தினா "டக்"னு ஒரு சத்தம், அதுக்கப்புறம் கையாலயே சுத்திச்சு.

பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு வண்டிய ஜாக்கில தூக்கி, கீழ முட்டு குடுக்கற இரும்பு ஸ்டாண்ட்ல ஏத்துங்க. ஆயிலை வடிச்சு, ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் கேபிள், ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், எர்த் ஒயர், கியர் ராடு, ரெண்டு டிரைவ் ஷாஃப்ட், இதெல்லாம் வரிசையா வந்துடும். கழட்டின போல்டை அது வந்த இடத்தோட பேர் எழுதின கவர்ல போட்டுக்கோங்க, பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் எஞ்சினோட சேர்ற மணி மாதிரி பகுதி) போல்ட் எல்லாம் ஒரே நீளம் கிடையாது.

உண்மையான வேலை இதுக்கப்புறம் தான். கியர்பாக்ஸ் மவுண்டிங் கழட்டின உடனே எஞ்சின் அந்தப் பக்கம் சாயும். ரெண்டு ஃபெண்டர் ஓரத்துலயும் மரக்கட்டை வெச்சு குறுக்கால ஒரு கெட்டியான ஜிஐ பைப் போட்டு, எஞ்சின் கொக்கில செயின் மாட்டி தொங்க விட்டேன். கீழ ஜாக்கி வெச்சு தாங்கினா படுத்து வேலை செய்யவே இடம் இருக்காது, நான் மொதல்ல அப்படி தான் வெச்சு அரை நாள் வீணாச்சு.

அடுத்து, பெல் ஹவுசிங் போல்ட் அளவுலயே அதே மரை உள்ள நீள போல்ட் ரெண்டு வாங்கி தலைய ஹாக்ஸால அறுத்துடுங்க. ரெண்டு போல்ட் கழட்டின ஓட்டைல எதிரெதிரா எஞ்சின் பக்கம் திருகிட்டீங்கன்னா கியர்பாக்ஸ் அது மேலயே சறுக்கி வரும், போகும். தனி ஆளுக்கு ரெண்டாவது கை இதான். இது இல்லன்னா மொத்த வெயிட்டும் இன்புட் ஷாஃப்ட்ல தொங்கும், கிளட்ச் பிளேட் வளைஞ்சுடும், அப்புறம் மாட்டின பிறகு கிளட்ச் ஜெர்க் அடிக்கும். பாக்ஸ் ஒரு தண்ணி கேனை விட கனம், நெஞ்சு மேல வாங்கலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க. நான் ஜாக்கி தலைல ஒரு பிளைவுட் பலகை, அதுல பாக்ஸ் உருளாம நாலு கட்டை அடிச்சு அது மேல இறக்கினேன், பக்கத்துல பழைய டயர் ஒண்ணு போட்டு வெச்சேன், நழுவினா அது மேல விழட்டும்னு.

மேல இருந்து ஒரு புடிமானத்துக்கு கன்டெய்னர் லாரிக்காரங்க கட்டற ராட்செட் பெல்ட் வாங்கி அந்த பைப்லயே சுத்தி விட்டேன், நல்லா உதவிச்சு.

மணலிக்காரன்:
ராட்செட் பெல்ட் பத்தி ஒண்ணு. நான் லாரி ஓட்டறவன், தினமும் அந்த பெல்ட் தான் கட்றேன். மேல இழுக்க நல்லது, அப்படியே நிறுத்தி வெக்கவும் நல்லது, ஆனா லோடு இருக்கறப்போ ராட்செட்ட திறந்தா கொஞ்சம் கொஞ்சமா இறங்காது, மொத்தமா விட்டுடும். இறக்கறதுக்கு ஜாக்கி தான். ஏத்தறப்போ பெல்ட் யூஸ் பண்ணுங்க.

வியாசர்பாடி800:
ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். எங்க வாசல் சிமெண்ட் உடைஞ்சு ஒரு பக்கம் மண்ணா இருக்கு, ஸ்டாண்ட் இறங்காதா?

கொருக்குப்பேட்டை ஷெட்:
இறங்கும். வெல்டிங் ஷாப்ல ஒரு சாண் அகலத்துக்கு கெட்டி இரும்பு பிளேட் கேளு, காயலான் கடையிலயே கிடைக்கும், ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழ ஒண்ணு போடு. கழட்டின சக்கரம் ரெண்டையும் பாடிக்கு கீழ படுக்க வெச்சிடு. ஏத்தின பிறகு வண்டிய கையால நல்லா ஆட்டிப் பாத்துட்டு தான் உள்ள போகணும். வீட்ல யாராவது அரை மணிக்கு ஒரு வாட்டி வந்து குரல் குடுக்கட்டும், வேலை தெரியணும்னு இல்ல, குரல் குடுத்தா போதும்.

பாக்ஸ் இறங்கின கையோட கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் எல்லாம் மாத்திடு. கிராங்க் பின்னாடி சீல் கசியுதான்னும் பாரு, மறுபடி இதுக்காக இறக்க முடியாது.

வியாசர்பாடி800:
அப்டேட். நேத்து சாயங்காலம் பாக்ஸ் ஏறிடுச்சு. நாலு நாள் ஆச்சு. அம்மா திண்ணைல உக்காந்து பூ கட்டிட்டே "இருக்கியாப்பா"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க.

கடைசி அரை இஞ்சுல மாட்டிக்கிச்சு. தலை அறுத்த ரெண்டு போல்ட் மேலயும் அழகா சறுக்கி வந்துச்சு, அப்புறம் ஒரு விரல் மொத்தம் இடைவெளி, எவ்ளோ தள்ளினாலும் அசையல. போல்ட் போட்டு இறுக்கி இழுத்துடலாமான்னு தோணிச்சு.

திருவொற்றியூர் பீச்ரோடு:
இறுக்கலையே? பெல் ஹவுசிங்ல போல்ட் போற காது உடைஞ்சிடும்.

வியாசர்பாடி800:
இல்லண்ணே, இறுக்கல. ஷெட் அண்ணனுக்கு போன் போட்டேன், பாக்ஸை கியர்ல போட்டுட்டு சக்கர இடுக்கு வழியா கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் வெச்சு துளி துளியா சுத்த சொன்னாரு. கால் சுத்து கூட போகல, இன்புட் ஷாஃப்ட்ல இருக்கற ஸ்ப்லைன் பல்லு கிளட்ச் பிளேட்ல சரியா உக்காந்து பாக்ஸ் தானா உள்ள போச்சு, நான் சும்மா உள்ளங்கைய தான் வெச்சிருந்தேன். எஞ்சினையும் பாக்ஸையும் நேரா சேக்கற டவல் பின்ல (dowel pin) போய் உக்காந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

புது ஆயில் லெவல் பிளக் வழியா வழியற வரைக்கும் ஊத்தியாச்சு. காலையில எம்கேபி நகர் வரைக்கும் ஒரு ரவுண்டு போனேன், நியூட்ரல்ல சத்தம் சுத்தமா இல்ல. மூணாவது போடறப்போ மட்டும் லேசா இடிக்குது, கியர் ராடு புஷ் (bush) தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், ஞாயித்துக்கிழமை அதைப் பாக்கணும். 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு இந்த ஆயிலையும் ஒரு வாட்டி வடிச்சு கலர் பாத்து போட்டோ போடறேன்.