மரத்தரை ஓரம் தூக்குது, அவசரம்!

மார்த்தாண்டம்_புதுவீடு:
ஹாலில் அயனிப் பலகை போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. எல்லாப் பலகையும் ரெண்டு ஓரமும் தூக்கி, நடு குழிந்து, காய்ந்த கமுகம்பாளை மாதிரி கிடக்கிறது. வெறுங்காலில் நடந்தால் வரிவரியாகத் தட்டுகிறது. ஆசாரி மெஷின் வைத்து இழைத்துவிடலாம் என்கிறார். ஞாயிறு பால்காய்ப்பு. என்ன செய்ய?

தக்கலை_அண்ணன்:
கீழ்த்தளமா, மாடியா? கான்கிரீட் போட்டு எத்தனை மாதம்? ஒட்டினதா, ஆணி அடித்ததா? அடியில் என்ன விரித்தீர்கள்?

குளச்சல்காரன்:
உப்புக்காற்றுதான். எங்கள் வீட்டு ஜன்னல் கதவே இழுத்துப் பிடிக்கும்.

மில்_பையன்:
அறுவை மில்லில் இருந்து நேரே வந்த பச்சை மரமாக இருக்கும்.

பழைய_கொத்தன்:
இதற்கு எத்தனை தடவைதான் எழுதுவது? தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பச்சை மரம் என்றால் காயக் காயச் சுருங்கி இடைவெளி விடும். ஓரம் தூக்கினால் அடிப்பக்கம் ஈரம், மேல்பக்கம் காய்ச்சல். எல்.கே.ஜி. பாடம்.

மார்த்தாண்டம்_புதுவீடு:
கீழ்த்தளம். கான்கிரீட் நாலு இஞ்சு, போட்டு இரண்டரை மாதம். பசை வைத்து ஒட்டினது. அடியில் ஒன்றும் விரிக்கவில்லை. விரிக்கணுமா?

பழைய_கொத்தன்:
விரிக்கணுமாவா!!

தக்கலை_அண்ணன்:
அவரை விடுங்கள் தம்பி. இஞ்சுக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு, மழையில் இன்னும் இழுக்கும். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் உண்டு. பக்கத்து அறை வெறும் தரையில் ரெண்டடிக்கு ரெண்டடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ரெண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். இப்போது இழைக்கவே கூடாது. ஓரத்தைச் சீவிவிட்டால், பின்னால் காய்ந்து படியும்போது நடு புடைக்கும். கான்கிரீட்டுக்கு அடியில் ஷீட் இல்லையென்றால் மண்ணின் ஈரம் வந்துகொண்டேதான் இருக்கும். திரும்பப் போடும்போது 150 மைக்ரான் ஷீட், மேலே பிளைவுட் குறுக்கும் நெடுக்குமாக ரெண்டு அடுக்கு, அதன்மேல் பலகை. சுவரோரம் அரை இஞ்சு விடுங்கள், ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும்.

வேணாட்டான்:
பத்மநாபபுரம் அரண்மனையில் எந்த ஷீட் போட்டார்கள்? சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு. இன்றைக்கும் முகம் தெரிகிறது.

மில்_பையன்:
அண்ணே, அது பூச்சுத்தரை. இவர் கேட்கிறது பலகை.

பழைய_கொத்தன்:
முட்டை எல்லாம் கைடு சொல்லும் கதை. கடுக்காய்த் தண்ணீர்தான்.

வேணாட்டான்:
நீங்கள் நின்று கலக்கினீர்களோ?

மார்த்தாண்டம்_புதுவீடு:
ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். ஆசாரியை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜமுக்காளம் விரித்துச் சமாளிக்கிறோம்.

தக்கலை_அண்ணன்:
பந்தி முடிந்ததும் சுருட்டிவிடுங்கள், ஈரத்தை மூடி வைக்காதீர்கள். கழற்றும்போது பலகைக்குப் பின்னால் எண் எழுதுங்கள். பசை எவ்வளவு பிடித்திருக்கிறது?

வேணாட்டான்:
கடுக்காய் என்றால் எந்த அளவில்? கணக்குச் சொல்லுங்கள் கொத்தனாரே.