டெர்மினல் எடிட்டரில் தமிழ் வரிக்கு வந்தால் மட்டும் கர்சர் தடம் மாறுகிறது

வரிக்குதிரை:
லினக்ஸில் சி மொழியில் சின்னதாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்கர்சஸ் மாதிரி திரை நூலகம் எதுவும் இல்லாமல், டெர்மினலுக்குக் கட்டளையாக அனுப்பும் எஸ்கேப் கோடுகளை நேரே வைத்தே. ரா மோடுக்கு (விசையை அழுத்தியவுடனே நிரலுக்கு வரும் நிலை) மாற்றியாயிற்று, ஆங்கில வரிகளில் அம்பு விசைகள் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. தமிழில்தான் சிக்கல்: "கோவில்" என்ற சொல்லைத் தாண்ட வலது அம்பை 18 தடவை அழுத்த வேண்டியிருக்கிறது, அதற்குள் கர்சர் வரியைத் தாண்டிக் காலி இடத்தில் போய் நிற்கிறது. இன்னொன்று, நீளமான வரியிலிருந்து கீழே உள்ள குட்டி வரிக்கு இறங்கினாலும் இதே கதை, வரி முடிந்த பிறகும் வெளியே நிற்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

இரவுக்காவலர்:
அந்த 18க்குக் காரணம் இருக்கிறது. யூனிகோடு எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கோவில் என்பது க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று 6 குறியீடு. நீங்கள் பைட் பைட்டாக நகர்த்துகிறீர்கள், அந்த எண்ணையே திரைக்கும் அனுப்புகிறீர்கள். கோப்பில் நிற்கும் இடம் வேறு, திரையில் எத்தனையாவது கட்டம் என்பது வேறு. முதலாவதை மட்டும் சேமித்து வையுங்கள். இரண்டாவதை ஒவ்வொரு முறை வரையும்போதும் வரியின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு, எஸ்கேப், [, வரிசை, ;, கட்டம், கடைசியில் பெரிய எச் என்று அனுப்புங்கள் (எண்ணிக்கை 1இல் தொடங்கும், 0 இல்லை). டேப் வந்தாலும் இதே கணக்குதான்.

வலது அம்புக்கு, 10 என்ற பிட்களில் தொடங்கும் தொடர்ச்சிப் பைட்களைத் தாண்டுங்கள், பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதையும் சேர்த்துத் தாண்டுங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டும் தனித் தலைவலி, இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆனால் பேக்ஸ்பேஸுக்கு இந்த விதி வேண்டாம்: "கோ"வில் அழுத்தினால் குறி மட்டும் போய் "க" மிஞ்சுவதுதான் தட்டச்சு செய்பவருக்கு வசதி.

பழையவிசை:
நகர்வது சரியானாலும் அப்புறம் கட்டக் கணக்கு உதைக்கும். யூனிகோடில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகை, ஆகாரம் ஓகாரம் எல்லாம் இடம் பிடிக்கும் வகை. டெர்மினல்கள் இதில் ஒத்துப்போவதில்லை, ஒன்று "கோ"வை ஒரே கட்டத்தில் அடைக்கும், இன்னொன்று இரண்டு கட்டம் ஒதுக்கும். அதனால் டெர்மினலையே கேட்டுவிடுவது நல்லது. எஸ்கேப், [, 6, சின்ன என் அனுப்பினால் கர்சர் இருக்கும் வரிசையையும் கட்டத்தையும் திருப்பிச் சொல்லும், பதில் பெரிய ஆரில் முடியும். ஆனால் அந்தப் பதில் விசை அழுத்தல்கள் வரும் அதே வழியில்தான் வரும், கலந்துவிடாமல் பிரிக்க வேண்டும். தொடக்கத்திலேயே சில மாதிரி எழுத்துகளை அச்சிட்டு அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விசைக்கும் கேட்டால் தொலைவில் இருக்கும் சர்வரில் ஆமை வேகம்தான்.

மழைக்காலம்:
குட்டி வரி விஷயத்துக்கு "விரும்பிய கட்டம்" என்று தனியாக ஒரு மாறி வையுங்கள். மேலே கீழே போகும்போது அதைத் தொடக்கூடாது. இடது வலது அழுத்தினாலோ தட்டச்சு செய்தாலோ மட்டும் புதுப்பியுங்கள். கர்சரை வைப்பது அந்தக் கட்டத்திலோ வரியின் முடிவிலோ, எது முன்னால் வருகிறதோ அங்கே. மீண்டும் நீளமான வரிக்கு வந்தால் பழைய இடத்துக்கே போகும், விம் எடிட்டரிலும் அப்படித்தான். இறங்கும் இடம் ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால் அதன் தொடக்கத்துக்கு இழுத்துவிடுங்கள்.

வரிக்குதிரை:
நன்றி, இரண்டும் சரியாகிவிட்டன. ஆனால் ஒவ்வொரு தடவை வரையும்போதும் கர்சர் திரை முழுக்க ஓடுவது மின்னலாகத் தெரிகிறதே?

இரவுக்காவலர்:
வரைவதற்கு முன் எஸ்கேப், [, ?25, சின்ன எல் அனுப்பி மறையுங்கள், முடிந்ததும் ?25 உடன் சின்ன எச் அனுப்பிக் காட்டுங்கள். முழுத் திரையையும் ஒரே பஃபரில் சேர்த்து ஒரே ரைட் அழைப்பில் தள்ளுங்கள். நிரல் நடுவில் செத்தால் கர்சர் மறைந்தே இருக்கும், எக்கோவும் வராது, அதாவது தட்டுவது திரையில் தெரியாது. அப்போது கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் (reset) என்று அடித்து என்டர் தட்டினால் பெரும்பாலும் போதும்.