யோசிக்காமல் செய்கிற காரியங்கள்: பார்த்தவர்கள் சொல்வது

பாளையங்கோட்டையிலிருந்து

நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைப் பார்த்து வளர்ந்தவள். விசுவாசம் ஊறிப்போய், யோசிக்காமலே அவர் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி யாராவது ஞாபகத்துக்கு வந்தால் எழுதுங்கள். மேடையேறிச் சொல்கிற சாட்சி வேண்டாம். செய்கிறவருக்கே செய்கிறோம் என்று தெரியாது பாருங்கள், அந்த மாதிரி.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைக்கிற வழக்கம் உண்டு. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டு வைத்து, சேர்ந்ததும் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கொடுப்பார்கள். டீச்சரம்மா அதைச் செய்யும்போது பக்தியாக ஏதோ செய்கிற மாதிரியே இருக்காது. மகனைத் திட்டிக்கொண்டிருப்பார், போனில் யாருக்காவது மருந்துப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பார். கை அதுபாட்டுக்கு அரிசிக்குள் போய் டப்பாவுக்கு வரும்.

அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுச் சமையலுக்கு ஒத்தாசையாக வந்தார். அம்மா அரிசி அளந்து கொடுக்க, பேச்சுவாக்கில் ஒரு பிடி எடுத்துவிட்டு டப்பாவைத் தேடினார். அப்புறம்தான் இது வேறு வீடு என்று உறைத்தது. "அய்யோ, உங்க அரிசியில கை வச்சிட்டேனே" என்று திரும்பப் போடப் போனார். அம்மா விடவில்லை. ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தேடி எடுத்து நீட்டினார். அந்தப் பாட்டில் இன்றும் எங்கள் அரிசி டின் பக்கத்தில்தான் இருக்கிறது. நிறைந்ததும் டீச்சரம்மா வீட்டுக்குப் போகும். அம்மா சஷ்டி விரதம் ஒன்றுகூட விடாதவர்.

டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் தவறியபோது கொஞ்ச நாள் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்துதான் சாப்பாடு போனது. டீச்சரம்மா மறுபடி அடுப்பு பற்ற வைத்த அன்று நான் கூட இருந்தேன். பழக்கத்தில் இரண்டு பேருக்கு அளந்துவிட்டார். உப்பு போட்டாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. பிடி அரிசி மட்டும் டப்பாவில் விழுந்தது.

ஐஸ்வாலில் வேலை பார்த்தவர்

பிடி அரிசி என்றதும் எழுதத் தோன்றியது. மிசோரமில் இது 1910-லிருந்து நடக்கிறது. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி சபைக்கு. அங்கே பத்தில் ஒன்பது பேர், சரியாகச் சொன்னால் 2011 கணக்கெடுப்பின்படி 87 சதவீதம் பேர், கிறிஸ்தவர்கள்.

நம் ஊர் ரோட்டிலிருந்து போகிறவனுக்கு மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் முதலில் காது அடைத்துவிட்டதோ என்று தோன்றும். மலைச்சரிவில் ஒடுங்கின ரோடு, வண்டிகள் வரிசையாக நிற்கும். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தாலும் யாரும் ஏறி முந்தமாட்டார்கள், ஹாரன் அடிக்கமாட்டார்கள்.

சேலிங் பக்கம் நெடுஞ்சாலையோரம் மூங்கில் குடிசைக் கடைகள் இருக்கின்றன. கடைக்காரர் இருக்கமாட்டார், தோட்டத்துக்குப் போயிருப்பார். காய், பழம், எழுதி வைத்த விலை, காசு போட ஒரு டப்பா, அவ்வளவுதான். எங்கள் டிரைவர் ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்தார், பணத்தைப் போட்டு மீதியை அந்த டப்பாவிலிருந்தே எடுத்துக்கொண்டார். இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. தூறல் ஆரம்பித்தது. மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தாமலே பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் காய்களின் மேல் போர்த்தி, நான்கு மூலைக்கும் கல் தேடி வைத்தார். சட்டை நனைந்துபோனது. வண்டியில் ஏறும்போதும் பேச்சு மகளைப் பற்றித்தான். அந்தக் கடை யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மிஷனரிகள் 1894-ல் வருவதற்கு முன்பே, தன்னைப் பின்னால் வைத்து அடுத்தவருக்கு உதவுகிற பழக்கம் மிசோ மக்களிடம் ஆழமாக இருந்தது. எல்லாவற்றையும் சபைக் கணக்கில் எழுதினால் அந்த முன்னோருக்குச் செய்கிற அநியாயம். அந்த நிலத்தில் சுவிசேஷம் விழுந்தது, நன்றாகப் பிடித்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வேலூரிலிருந்து

சுருக்கமாக. மாமாவுக்கு நினைவு தப்பி ஐசியூவில் இருந்தார். இரவில் ஒரு நர்ஸ் சிஸ்டர் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பார். ஒவ்வொரு தடவையும், "ஐயா, இடது பக்கம் திருப்பறேன், கை கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். பதில் வராது என்று அவருக்குத் தெரியும். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பது தெரியாது. பக்கத்துக் கட்டிலில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு பாட்டி. அவருக்கும் உடைந்த பெங்காலியில் அதே சொல். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" வந்தார் என்று இயேசுவைப் பற்றிச் சொல்கிற வசனம்தான் இந்த ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் குறிக்கோள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது புரிந்தது அந்த ஜில்லென்ற கையைப் பற்றி சிஸ்டர் சொன்னபோதுதான்.

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து

நான் சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கிறேன். பைபிளில் மத்தேயு 25-ல், கடைசி நியாயத்தீர்ப்பில் இயேசு நல்லது செய்தவர்களை வலது பக்கம் நிறுத்தி, பசித்திருந்த எனக்குச் சாப்பாடு கொடுத்தீர்கள் என்பார். அதில் எனக்குப் பிடித்ததே, வலது பக்கம் நிற்கிறவர்களுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லாததுதான். "நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டு" என்று கேட்கிறார்கள். உண்மையாகவே தெரியாமல் கேட்கிறார்கள். கணக்கு வைத்திருந்தால் அந்தக் கேள்வி வாயில் வந்திருக்காது.

ஆனால் யோசிக்காமல் வருவதெல்லாம் நல்லதாகத்தான் இருக்கும் என்றில்லையே. எங்கள் பக்கத்தில் புது ஆள் ஒருவர் கோயிலுக்கு வந்தால், ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் "எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டுவிடுவார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ஜெபம் பண்ணின அதே வாயில் தானாக வருகிற கேள்வி. சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டம் பிரிந்து கிடக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன.

எங்கள் கோயில்குட்டியாருக்கு எழுபது தாண்டியிருக்கும். மணியடிப்பது, விளக்குப் போடுவது, பெஞ்சு துடைப்பது அவர் வேலை. அவர் வாயில் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. புதிதாக வருகிறவர்களிடம், "சாப்பிட்டாச்சா? திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு?" என்பார். சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையில், பந்தியில் எந்த இடம் காலியோ அதில் உட்காருவார்.

போன அசனத்தின்போது புதிதாக ஒரு குடும்பம் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. உட்காரலாமா, வேண்டாமா என்ற தயக்கம். இவர் அந்தப் பையனின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் இலையிலிருந்த எலும்புக்கறியை அவனுக்கு நகர்த்திவிட்டு, "இங்க குழம்பு வரலையேப்பா" என்று பரிமாறுகிறவரைச் சத்தம் போட்டார். பையனின் அம்மாவும் அப்பாவும் எதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.