பில்லில் இருக்கும் இங்கிலீஷ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

திருச்சிக்காரன்:
வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் ஃபைனான்ஸ் மேசையில் சில வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். கடை, பாங்க், கடன் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் வார்த்தைகள் நமக்குப் புதுசு இல்லை, தினமும் வாயில் புழங்குகிறவைதான். அதனாலேயே யாரும் நிறுத்தி அர்த்தம் கேட்பதில்லை என்பது அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தது.

'தம்பி, நோ காஸ்ட் ஈஎம்ஐன்னா வட்டி கிடையாதுல்ல?' வருகிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள். 'ஆமாம்' என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நடப்பது என்னவென்றால், 30,000 ரூபாய் போன், மாதம் 5,000 வீதம் 6 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாங்க் சும்மா கொடுக்காது, 15 சதவீதம் மாதிரி வட்டி போடும், அது கிட்டத்தட்ட 1,270 ரூபாய் வரும். அந்தத் தொகையை விற்பவரோ தயாரிக்கிற கம்பெனியோ முதலிலேயே விலையில் கழித்துவிடுவார்கள், அதனால் கூட்டிப் பார்த்தால் சரியாக 30,000தான். ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அந்த 229 ரூபாய் நம் தலையில். பிராசஸிங் ஃபீ 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 460 ரூபாய்ச் சொச்சம். பெரிய தொகை இல்லை, ஆனால் 'நோ'வும் இல்லை. ரிசர்வ் வங்கியே 2013இல் பாங்குகளுக்கு எழுதியது, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைக் கட்டணமாக ஒளித்து வாங்குகிறீர்கள் என்று.

ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர் ஒருவர் வந்தார். நோ காஸ்ட் என்று நான் ஆரம்பித்ததும், 'சரிப்பா, அந்த வட்டியைக் கழிக்கிறீங்கல்ல, அதை எனக்குக் கழிச்சுக் கொடு, முழுப் பணத்தையும் இப்பவே தர்றேன்' என்றார். எனக்குப் பதில் இல்லை. மானேஜர் எழுந்து வந்து இழுத்து இழுத்துப் பேசி, கடைசியில் 800 ரூபாய் குறைத்தார். அந்த அம்மா கேட்ட மாதிரி வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

தர்மபுரி பஸ்:
எனக்கு 'ஃப்ளாட்'. மச்சானுக்கு வண்டி எடுக்க ஷோரூம் போயிருந்தோம், ஒரு லட்சம் கடன், மூன்று வருடம். '12 பர்சென்ட்தாண்ணா, பாங்க்ல போனாலும் இதேதான்' என்றான் பையன். மாதம் எவ்வளவு என்று கேட்டால் 3,778. நான் போனில் ஈஎம்ஐ கால்குலேட்டரில் அதே 12 சதவீதத்தைப் போட்டேன், 3,321 காட்டியது. 'ஏம்ப்பா, 450 ரூபாய் எங்கே போகுது?' என்றதும், 'அண்ணா அது ரெட்யூசிங், நம்மது ஃப்ளாட்' என்று ஏதோ வண்டியின் கலரைச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டான்.

ஃப்ளாட் என்றால் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி. மொத்த வட்டி 36,000. ரெட்யூசிங் என்றால் பாக்கி நிற்கிற அசலுக்கு மட்டும், அதில் மொத்தமே 19,600க்குள் முடிந்துவிடும். அவன் சொன்ன 12ஐ ரெட்யூசிங் கணக்கில் பார்த்தால் 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. பையன் மேல் தப்பில்லை, அவனுக்கே யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இப்போது ஒரு வசதி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் இந்த மாதிரிக் கடனுக்கெல்லாம் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்' என்று ஒரு தாள் கையெழுத்துக்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும், வட்டி, ஃபீ எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று. அந்தத் தாள் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது, தமிழில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ராத்திரிப் பயணி:
பைபாஸ் மோட்டல். 20 ரூபாய் தண்ணீர் பாட்டில் 25. கேட்டால் 'கூலிங் சார்ஜ்'. எம்ஆர்பி என்று அச்சடித்தால் எல்லா வரியும் அதற்குள்தான், பிரிட்ஜில் வைத்ததற்குத் தனிக் காசு கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடட்டுமா என்றேன், 5 ரூபாய் திரும்பி வந்தது. பஸ் மட்டும் என்னை விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தது.

திருச்சிக்காரன்:
@ராத்திரிப் பயணி, கடை கவுண்டரில் வாங்கினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறினால் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஏசி ஓட்டலில் போய்ச் சண்டை போட்டுவிடாதீர்கள்.

மதுரை மருமகள்:
எங்கள் சித்தப்பாவின் கதை. கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் இரண்டு தொகை இருக்கும், டோட்டல் டியூ, அதாவது மொத்தப் பாக்கி, மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. கடன் பாக்கி வைத்தால் தூக்கம் வராத மனுஷன், தேதி தவறாமல் மினிமம் டியூவைக் கட்டிக்கொண்டிருந்தார். 'கம்மியாத்தானேம்மா கேக்கிறான்' என்பார். மெசேஜிலும் நன்றி என்றுதான் வரும்.

40,000 பாக்கிக்கு மினிமம் 5 சதவீதம், அதாவது 2,000. கார்டு வட்டி மாதத்துக்கு மூணரை சதவீதம் என்றால் 1,400, அதற்கு ஜிஎஸ்டி 252. கட்டின 2,000இல் அசலுக்குப் போனது 348 ரூபாய். மாதத்துக்கு மூணரை என்றால் வருடத்துக்கு 42. அதோடு முழுசாகக் கட்டாத வரைக்கும் புதிதாக வாங்குகிற மளிகைக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி, வட்டியில்லாமல் கொடுக்கிற அந்த 45 நாள் சலுகையெல்லாம் போச்சு. நான் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன், சித்தப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சித்தி பெயரில் இருந்த எஃப்டியை உடைத்து மொத்தத்தையும் அடைத்தார்கள். ஏழு சதவீதம் சம்பாதிக்கிற பணத்தை வைத்துக்கொண்டு 42 கட்டுவதில் என்ன இருக்கிறது? சித்திக்கு இன்னும் கோபம், அது வேறு விஷயம்.

ஈரோடு ஜவுளி:
வியாபாரி பக்கத்திலிருந்தும் ஒருவன் பேசட்டும். எங்கள் பில்லில் கீழே மூன்று வரி இங்கிலீஷ் இருக்கும், அப்பா காலத்திலிருந்து பிரஸ்காரர் அடித்துத் தருவது. ஒன்று 'ஈ அண்ட் ஓஈ', கூட்டல் கழித்தல் பிழை இருந்தால் அப்புறம் திருத்திக்கொள்ள உரிமை உண்டு என்பது. இரண்டாவது 'சப்ஜெக்ட் டு ஈரோடு ஜூரிஸ்டிக்‌ஷன்', வழக்கு வந்தால் எங்கள் ஊர்க் கோர்ட்டில்தான் என்பது. மூன்றாவதுதான் வம்பு: விற்ற சரக்கு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.

போன தீபாவளிக்கு ஒரு காலேஜ் பெண் சாயம் போன சுடிதார் துணியோடு வந்தாள். கடைப் பையன் அந்த மூன்றாவது வரியைக் காட்டினான். அவள் போனை எடுத்து 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினாள்: பில்லில் கெடு போடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். நான் ஆடிட்டரைக் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். துணியை மாற்றிக் கொடுத்தோம். பிடிக்கவில்லை, கலர் ஒத்துவரவில்லை என்று வருகிறவர்களுக்கு இது பொருந்தாது, குறை இருந்தால்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கே எல்லாரும் பையோடு வந்துவிடாதீர்கள். புது பில் புக்குக்கு அந்த வரியை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். 'கீழே வெறுமையாத் தெரியுமேண்ணா, ஒரு பிள்ளையார் படம் போட்டுடவா?' என்கிறார் பிரஸ்காரர்.