மறைந்த கலைஞர் பெயரில் கோல்ஃப் போட்டி: அந்தப் பெயர் எத்தனை வருடம் தாங்கும்?

மேகலா_கே:
போன வாரம், அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் பெயரில் நடந்த கோல்ஃப் போட்டியின் 1995ஆம் வருடத்துப் பழைய வீடியோ கண்ணில் பட்டது. ஒரே குழுவில் பதவியில் இருந்த கிளின்டன், முன்னாள் அதிபர்கள் ஃபோர்டும் மூத்த புஷ்ஷும், கூடவே 91 வயது ஹோப். புஷ் அடித்த பந்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் மூக்கில் பட்டு ரத்தம், போதாததற்கு ஃபோர்டு அடித்ததும் இன்னொருவர் மேல். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இந்தப் போட்டி இப்போதும் நடக்கிறதா என்று தேடினால், நடக்கிறது, ஆனால் பெயர் ‘தி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்’. ஹோப் 2003இல் 100 வயதில் இறந்தார், 2011 வரை பெயர் இருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள். 1965இலிருந்து தாங்கிய பெயரை இப்படித் தூக்கிப் போடலாமா? இறந்த ஒரு பாடகர் பெயரிலோ நகைச்சுவை நடிகர் பெயரிலோ போட்டி வைத்தால் அது நிலைக்க வழியே கிடையாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதினெட்டாம்குழி:
மேகலா, முதலில் ஒன்று. இவற்றில் பெரும்பாலானவை நினைவுப் போட்டிகளே இல்லை. ஆள் உயிரோடு இருக்கும்போதே பெயரைக் கொடுத்து, நேரில் வந்து நின்று, நண்பர்களைக் கூப்பிட்டு நடத்தியவை. ஆரம்பித்து வைத்தவர் பாடகர் பிங் கிராஸ்பி. 1937இல் சான் டியேகோ பக்கம் ராஞ்சோ சாந்தா ஃபேயில் தன் கைக்காசைப் போட்டு, தொழில்முறை வீரர்களையும் சினிமா நண்பர்களையும் ஜோடி சேர்த்து ஆடவிட்டார். முதல் நாள் ஆட்டம் மழையில் போய்விட்டது, மிச்சம் 18 குழிதான், சாம் ஸ்னீட் என்ற தொழில்முறை வீரர் 68 அடியில் முடித்து 500 டாலர் வாங்கிக்கொண்டு போனார். 1947இல் கலிஃபோர்னியாவிலேயே பெபிள் பீச் பக்கம் போனது, அதுதான் எல்லோருக்கும் தெரிந்த கிராஸ்பி போட்டி.

60, 70களில் டிவிக்காரர்களுக்கு கோல்ஃப் வீரரைவிடப் பாட்டுக்காரர், நகைச்சுவை நடிகர் முகம்தான் தேவைப்பட்டது. அதனால் சான் டியேகோவில் ஆண்டி வில்லியம்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸில் க்ளென் கேம்பல், ஹார்ட்ஃபோர்டில் சாமி டேவிஸ் ஜூனியர், டூசானில் டீன் மார்ட்டின், ஃப்ளோரிடாவில் ஜாக்கி க்ளீசன் என்று ஊருக்கு ஒருவர். 80கள் முடிவதற்குள் இத்தனை பெயரும் காலி. கவனியுங்கள், எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே! வில்லியம்ஸ் அதற்கப்புறம் 20 வருடத்துக்கு மேல் இருந்தார். அப்படிப் பார்த்தால் ஹோப் கொடுத்துவைத்தவர், இறந்த பிறகும் எட்டு வருடம் ஓடியது. கிராஸ்பிக்கும் அதே எட்டுதான், 1977இல் மாட்ரிட் பக்கம் ஒரு மைதானத்தில் 18 குழியையும் ஆடி முடித்துவிட்டு வரும்போது மாரடைப்பு, பெயர் 1985 வரை.

ஆனால் கிராஸ்பி பெயரை யாரும் பிடுங்கவில்லை. ஏடி&டி என்ற தொலைபேசி நிறுவனம் ஸ்பான்சராக வந்தபோது குடும்பமே பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அவர் மனைவி கேத்ரின் அந்தப் பெயரை வட கரோலினாவுக்குக் கொண்டுபோய் தர்ம காரியத்துக்காகத் தனியாக ஒரு போட்டி நடத்தினார், 2001 வரை நடந்தது. என் கணக்கில் இதுதான் மரியாதையான முடிவு, கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதைவிட.

சும்மா_வந்தேன்:
எட்டு லட்சமா, எண்பது லட்சம் டாலருக்கு மேல் பரிசுப்பணம் போடுகிறவன் தன் பெயரைத்தானே போடுவான்? இதில் அழ என்ன இருக்கிறது. இன்றைக்கு ஆடுகிற 22 வயதுப் பையனிடம் பாப் ஹோப் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கூத்து, 2012இல் ஹோப் பெயர் போய், ஹ்யூமானா என்ற மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் பெயரில் போட்டி ஆனபோது கூட்டுச் சேர்ந்தது யார் தெரியுமா? கிளின்டன் அறக்கட்டளை. நீங்கள் பார்த்த வீடியோவில் ஹோப்புடன் ஆடினாரே, அதே கிளின்டன். அந்த வருடமே ஐந்து நாள், 90 குழி என்ற பழைய கணக்கையும் நாலு நாளாக்கிவிட்டார்கள். ஆடுகிறவர்களுக்கு நிம்மதி.

செல்வி_எழுதுகிறேன்:
ஆண்கள் போட்டியை மட்டுமே பேசுகிறீர்களே. டைனா ஷோரை விட்டுவிட்டீர்கள், இந்தக் கேள்விக்குப் பதிலே அங்கேதான் இருக்கிறது.

அவர் பாடகி, டிவியில் பெரிய பெயர், உண்மையில் டென்னிஸ்காரி. 1972இல் கால்கேட் நிறுவனம் ராஞ்சோ மிராஜில் பெண்களுக்குப் போட்டி ஆரம்பித்து இவர் பெயரை வைத்தது, அதற்காகவே கோல்ஃப் கற்றுக்கொண்டார். பரிசுப்பணம் 1,10,000 டாலர், அந்தக் காலத்துப் பெண்கள் கோல்ஃபுக்கு யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. 1983இல் மேஜர் ஆனது, அதாவது பெண்கள் கோல்ஃபின் மிகப் பெரிய சில போட்டிகளில் ஒன்று.

1988இல் ஜெயித்த ஏமி ஆல்காட் சந்தோஷம் தாங்காமல் 18ஆவது குழி இருக்கும் புல்தரைக்குப் பக்கத்துக் குளத்தில், மட்டைப் பை தூக்கும் உதவியாளரோடு குதித்தார். 1991இல் மறுபடி ஜெயித்தபோது ஷோரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குதித்தார். எழுபதைத் தாண்டிய அம்மா, உடையோடு, தலை வரை நனைந்து, சிரித்துக்கொண்டே ஏறி வருகிறார்! 1994 பிப்ரவரியில் ஷோர் இறந்தார், அடுத்த மாதம் ஜெயித்த டானா ஆண்ட்ரூஸும் போய்க் குதித்தார், அதற்கப்புறம் அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

பெயர்? 1999 வரை இருந்தது. அப்புறம் பிஸ்கட் கம்பெனி, விமான கம்பெனி, இப்போது எண்ணெய்க் கம்பெனி. 2023இல் போட்டியே டெக்சாஸுக்குப் போய்விட்டது. அங்கே அந்தப் பழைய குளம் ஏது, ஆனாலும் ஜெயித்த லிலியா வூ அங்கிருந்த தண்ணீரில் போய்க் குதித்தாரே. டைனா யார் என்று தெரிந்து குதித்தாரோ, தெரியாமல் குதித்தாரோ, குதித்தார்.

ரெண்டுபங்கு:
புதிதாகப் பெயர் வைக்க நினைக்கிறவர்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு பிரபலம் இறந்து 70 வருடம் வரை அவர் பெயரையும் உருவத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்த வாரிசுகளின் சம்மதம் வேண்டும். தொப்பி, பனியன், விளம்பரம் எல்லாம் இதில் வரும். வாய்ப்பேச்சாக வாங்காதீர்கள், எழுதி வாங்குங்கள், எத்தனை வருடத்துக்கு, ஸ்பான்சர் மாறினால் என்ன, பெயருக்கு முன்னால் கம்பெனிப் பெயர் வரலாமா என்பது உட்பட. நான் கூடமாட வேலை செய்த ஒரு சின்னப் போட்டியில் இதை யாரும் பேசவில்லை. முதல் வருடம் இறந்துபோன பாடகரின் படம் பேனர் முழுக்க இருந்தது. மூன்றாவது வருடம் டயர் கடைக்காரர் பெயர் முழுக்க, அவர் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு. அவர் மகள் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போனார். இன்னும் அது எனக்கு உறுத்துகிறது.

பெயரைப் போட்டிக்கு வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன், பணம் எங்கே போகிறதோ அதற்கு வையுங்கள். மெம்பிஸ் போட்டியைப் பாருங்கள். நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ் பெயர் 1984உடன் போய்விட்டது. ஆனால் அவர் 1962இல் ஆரம்பித்த குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பெயர், செயின்ட் ஜூட், இன்றும் அந்தப் போட்டியின் பெயரில் இருக்கிறது. ஃபெடெக்ஸ் கூரியர் கம்பெனி ஸ்பான்சராக வந்தும் அதை எடுக்கவில்லை.

மேகலா_கே:
எல்லோருக்கும் நன்றி. பதினெட்டாம்குழி சார், கேத்ரின் கிராஸ்பி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். சும்மா_வந்தேன், உங்களோடு இல்லை, ஆனால் அந்தக் கிளின்டன் தகவலுக்குச் சிரித்துவிட்டேன். செல்வி, 1991 குதித்த வீடியோ இப்போதுதான் பார்த்தேன். குதிப்பதற்கு முன் ஒரு நொடி தயங்குகிற மாதிரி இருக்கிறது, அதுவா என் கண்ணா?

செல்வி_எழுதுகிறேன்:
தண்ணீர் அழுக்காக இருந்திருக்கும், யாராக இருந்தாலும் தயங்கத்தான் செய்வார்கள்.